நாயும் விசுவாசமும்: எஜமான் இடத்தில் நின்று பார்த்தவர்கள் உண்டா?

#1 கடுகுவிதை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சபை மாலை ஜெபக்கூட்டத்தில் ஒரு பத்து நிமிடச் செய்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு என் விருப்பம். வீட்டில் ஏழு வயது நாய் ஒன்று இருக்கிறது, பெயர் ஜிம்மி. 'நாய் கற்றுத்தரும் விசுவாசப் பாடங்கள்' என்று எழுதிவிடலாம், சுலபமான வேலை என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒன்பது பாடங்கள் வந்துவிட்டன. நாய் நன்றியுள்ளது, நாமும் நன்றியாயிருப்போம். நாய் காத்திருக்கிறது, நாமும் காத்திருப்போம். இப்படியே ஒன்பது.

வாசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நான் ஜிம்மியிடம் கற்றுக்கொண்டதில்லை. எல்லாம் எங்கேயோ கேட்டது.

உண்மையில் நடந்தது வேறு. போன மாதம் ஜிம்மியின் உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு ஏறிவிட்டது. ஐந்து தையல். புண்ணை நக்கக்கூடாது என்று டாக்டர் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை மாட்டிவிட்டார், பன்னிரண்டு நாளுக்கு. வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், கூம்போடு நாய் வாசலில் இடிக்கும், தண்ணீர்ப் பாத்திரத்தைக் கவிழ்க்கும், பக்கவாட்டில் எதுவும் தெரியாமல் மிரளும். முதல் ராத்திரி அது சுவர் ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நேராக என்னிடம் வந்து கூம்பை என் முழங்காலில் தேய்த்தது. கழற்றிவிடச் சொல்லி.

மாட்டியவனே நான்தான். அது தெரிந்தும் காப்பாற்றச் சொல்லி என்னிடமே வருகிறது. 'ஏன்' என்று அதற்குச் சொல்ல என்னிடம் மொழி இல்லை. புண், கிருமி, தையல், பன்னிரண்டு நாள் என்ற எதையும் அதன் தலைக்குள் வைக்க எனக்கு வழியில்லை.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஜெபத்தை மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். பதில் வரவில்லை என்று நான் முறையிட்ட ராத்திரிகள் எல்லாம் ஞாபகம் வந்தன. இதைத்தான் பேசலாமா என்று யோசிக்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி, நாயின் இடத்தில் இல்லாமல் எஜமான் இடத்தில் நின்று ஏதாவது புரிந்திருக்கிறதா?

#2 ஒலிவக்கிளை

ஒன்பது பாடங்களையும் கிழித்துப் போட்டது நல்லது பிரதர். கூம்பைப் பேசுங்கள்.

ஆனால் நாயின் பக்கத்தை முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூத்தர் வீட்டில் டோல்பெல் என்று ஒரு நாய் இருந்தது. எஜமான் கையிலிருந்த இறைச்சித் துண்டை அது வாய் திறந்து, கண் அசைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதைக் காட்டி, இந்த நாய் இறைச்சியைப் பார்க்கிற மாதிரி என்னால் ஜெபிக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாராம். அதன் நினைப்பு முழுவதும் அந்தத் துண்டிலேயே இருந்தது, வேறு ஆசை எதுவும் இல்லை என்பதுதான் அவர் கண்டது. இறையியல் எழுதி எழுதிக் களைத்த மனிதர் நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார்!

நான் ஜெபிக்க முழங்காலிட்டால் மூன்றாவது நிமிடம் மின்கட்டணம் ஞாபகம் வரும்.

#3 கேள்விக்குறி

மன்னிக்கவும், கொண்டாட்டத்தைக் கலைக்கிறேன்.

வேதாகமத்தில் நாயைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை காட்டுங்கள் பார்க்கலாம். கக்கினதைத் தின்னத் திரும்புகிற நாய், நீதிமொழிகள் 26:11. அதையே 2 பேதுருவும் எடுத்துச் சொல்கிறது. யேசபேலைத் தின்ற நாய்கள். கோலியாத் 'நான் நாயா' என்று சீறுகிறான். மேவிபோசேத் தன்னையே செத்த நாய் என்கிறான். பவுல், நாய்களுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். கடைசியில் வெளிப்படுத்தல் 22:15-இல் நாய்கள் நகரத்துக்குப் புறம்பே. ஆதியிலிருந்து அந்தம்வரை இப்படித்தான்.

நம் செல்லப்பிராணிப் பாசத்தை வேதத்துக்குள் கொண்டுபோய்த் திணிக்கிறோம். அதுவாவது பரவாயில்லை. எஜமான் இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டு 'ஓ, கடவுளுக்கு இப்படித்தான் இருக்கும்' என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. நாம் அந்த இடத்துக்கு ஏற்ற ஆட்கள் இல்லை. நான் நாய்க்குத் தண்ணீர் வைக்க மறந்த நாட்கள் உண்டு.

#4 பழைய ஏடு

கேள்விக்குறி தம்பி சொன்ன வசனங்கள் அத்தனையும் சரி. ஆனால் எந்த நாய் என்று பார்க்க வேண்டும். அந்த நகரங்களில் திரிந்தவை பெரும்பாலும் வீட்டு நாய்கள் அல்ல, கூட்டமாக அலைந்து கழிவைத் தின்ற நாய்கள். பீறுண்ட மாம்சத்தை நாய்களுக்குப் போடச் சொல்கிறது யாத்திராகமம் 22:31. துப்புரவு வேலை செய்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் அந்தப் பெயர் வசையாயிற்று.

ஆனால் அங்கேயும் வேறு நாய்கள் உண்டு. யோபு 30:1 மந்தையின் நாய்களைச் சொல்கிறது. மத்தேயு 15-இல், மகளைக் குணமாக்கக் கேட்டு வந்த கானானியப் பெண்ணிடம், பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்று ஆண்டவர் சொல்லும்போது கிரேக்கத்தில் இருப்பது வழக்கமான 'கியோன்' அல்ல, 'குனாரியோன்'. நாய்க்குட்டி, வீட்டுக்குள் வளைய வருகிற நாய். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் அதைக் கவனித்து 'நாய்க்குட்டிகள்' என்றே போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "மெய்தான் ஆண்டவரே, ஆகிலும் நாய்க்குட்டிகள் தங்கள் எஜமான்களின் மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைத் தின்னுமே." நாய்க்குட்டி என்றால் மேசைக்கு அடியில் இடம் உண்டு என்று அர்த்தம், அந்த இடம் எனக்குப் போதும் என்கிறாள். உடனே, "ஸ்திரீயே, உன் விசுவாசம் பெரிது" என்ற பதில் வருகிறது. நாயை வைத்து வாதாடி ஜெயித்த ஒரே ஆள் அவள்தான்.

இன்னொன்று. எபிரெயத்தில் நாய்க்குக் 'கெலெவ்' என்று பெயர். கானானை வேவு பார்க்க மோசே அனுப்பிய காலேபின் பெயரை எழுதினாலும் அதே மூன்று மெய்யெழுத்துகள்தான்: காஃப், லாமெத், பேத். பெயரின் பொருள் என்ன என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணாகமம் 14:24-இல் காலேபைக் குறித்துக் கர்த்தர் சொல்வது 'உத்தமமாய் என்னைப் பின்பற்றிவந்தான்' என்பது. அந்த எழுத்துகளையும் அந்த வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

மிருகத்தைக் காட்டிப் பாடம் சொல்வது நம் கண்டுபிடிப்பும் இல்லை. ஏசாயா 1:3-ஐப் பாருங்கள். மாடு தன் எஜமானை அறியும், கழுதையும் அறியும், இஸ்ரவேல் அறியவில்லை.

#5 மழைத்துளி

ஐயா!! என் நாயின் பெயரே காலேப். அதற்காக ஒரு மூத்த சகோதரி, வேதப் புருஷன் பெயரை நாய்க்கு வைப்பாயா என்று இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இந்தப் பதிவை அச்செடுத்துக் கொடுக்கப் போகிறேன்.

#6 பழைய ஏடு

அச்செடுங்கள் அம்மா, என் பெயரை மட்டும் எடுத்துவிட்டு.

#7 மெழுகுவத்தி

நான் கத்தோலிக்கன். எங்கள் விவிலியத்தில் தோபித்து நூல் இருப்பதால் எங்களுக்கு ஒரு நல்ல நாய் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. தோபியா வானதூதரோடு நெடும்பயணம் புறப்படும்போது நாயும் கூடவே போகிறது. திரும்பி வரும்போதும் பின்னாலேயே வருகிறது. அவ்வளவுதான். கதையில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. குரைக்கவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை, நூலை எழுதியவர் அதை எதற்கும் பயன்படுத்தவில்லை. வானதூதர் நடக்கிற கதையில் ஒரு நாயும் நடக்கிறது. எனக்கு அது பிடிக்கும்.

புனித ரோக்கின் கதையும் உண்டு. கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்தவருக்கே அந்த நோய் வந்து, யாருக்கும் தொற்றக்கூடாது என்று காட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். ஒரு நாய் தினமும் ரொட்டி கொண்டுவந்து போட்டது என்பது மரபு. படங்களில் அவர் தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்பார், பக்கத்தில் வாயில் ரொட்டியோடு நாய்.

கேள்விக்குறி அவர்களுக்கு ஒன்று தருகிறேன், அவர் கட்சிக்கு உதவும். 13-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரப் பக்கம் கின்ஃபோர் என்ற வேட்டை நாயை மக்கள் புனிதராகவே வணங்கினார்கள். கதை நம் கீரிப்பிள்ளைக் கதையேதான். தொட்டிலை நெருங்கிய பாம்பைக் கொன்ற நாயின் வாயில் ரத்தம், அது குழந்தையைக் கடித்துவிட்டது என்று நினைத்து எஜமான் வெட்டிவிடுகிறான். நோயுற்ற குழந்தைகளை அதன் புதைகுழிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பூர்போனின் ஸ்தேவான் என்ற தொமினிக்கத் துறவி விசாரிக்க வந்து, எலும்புகளைத் தோண்டி எரிக்கச் செய்தார். அப்படியும் அந்த வழிபாடு பல நூற்றாண்டு போகவில்லை.

#8 கேள்விக்குறி

பழைய ஏடு ஐயா, மேசைக்கு அடியில் இடம் என்ற விளக்கத்துக்கு நன்றி. அதை ஒப்புக்கொள்கிறேன்.

மெழுகுவத்தி, நன்றி. நான் சொன்னதும் இதைத்தான். நாய்மேல் வைத்த அன்பு கொஞ்சம் கொஞ்சமாக எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜப்பானின் ஹச்சிகோ நாயையே எடுங்கள். 1925 மே மாதம் அதன் எஜமான், ஒரு பேராசிரியர், வேலைக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார். அந்த நாய் 1935 மார்ச்வரை, ஏறக்குறைய பத்து வருடம், ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தது. எத்தனை பிரசங்கங்களில் கேட்டுவிட்டேன்! அது காத்திருந்த ஆள் வரவேயில்லையே? வராதவருக்காகக் காத்திருப்பதை விசுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்கிறவர்கள், என்ன சொல்கிறோம் என்று யோசித்துத்தான் சொல்கிறார்களா?

#9 ஒலிவக்கிளை

நல்ல கேள்வி. எபிரெயர் 11-ஐ வாசித்துப் பாருங்கள், வாக்குத்தத்தத்தை அடையாமலே விசுவாசத்தோடு மரித்தார்கள் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. வித்தியாசம் காத்திருக்கிறவரிடம் இல்லை பிரதர், வருகிறவரிடம் இருக்கிறது. ஹச்சிகோவின் பேராசிரியரால் எழுந்து வர முடியவில்லை.

#10 நான்குகால்

இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். நான் கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன், ஓய்வு நேரத்தில் நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பேன். இரண்டு விஷயம் சொல்ல ஆசை. இரண்டும் மனந்திரும்புதலைப் பற்றியவை.

'என் நாய்க்குத் தப்பு செய்தால் தெரியும் சார், முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்' என்று வாரத்துக்கு நாலு பேராவது சொல்வார்கள். காதை மடித்து, கண்ணைத் திருப்பி, வாலைக் காலிடுக்கில் செருகி நிற்குமே, அந்த முகம். 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று சொல்லித் தின்பண்டத்தை வைத்துவிட்டு எஜமான் வெளியே போவார். சில நாய்கள் தின்னும், சில தின்னாது. திரும்பி வருகிற எஜமானிடம் சில சமயம் உண்மையையும் சில சமயம் பொய்யையும் சொல்வார்கள். முடிவு என்னவென்றால், அந்தக் குற்ற முகத்துக்கும் நாய் தின்றதற்கும் தொடர்பே இல்லை. எஜமான் திட்டினால் அந்த முகம் வருகிறது. ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்தான் அதிகமாக அந்த முகத்தைக் காட்டியது.

இதை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் பாவ அறிக்கைகளில் பாதி இந்த முகம்தான். அவர் கோபமாக இருக்கிறார் என்று தோன்றினால் காதை மடித்துக்கொள்கிறேன். செய்ததை நினைத்து அல்ல, அடி விழக்கூடாது என்று. அதை மனஸ்தாபம் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, 'வா' என்ற சொல். பயிற்சியில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது நாய்க்கு அல்ல, வீட்டாருக்கு. 'வா' என்று கூப்பிட்டு ஒருநாளும் அடிக்காதீர்கள். திட்டாதீர்கள். பிடிக்காத மருந்து கொடுக்க வேண்டுமானால் நீங்கள் எழுந்து போய்க் கொடுங்கள், 'வா' என்று அழைத்துக் கொடுக்காதீர்கள். பூங்காவில் கைவிட்டு ஓடின நாய் அரைமணி கழித்து வருகிறது, எஜமான் ஆத்திரத்தில் இரண்டு போடுகிறார். தான் ஓடியதற்கு அடித்தான் என்று நாய் நினைக்காது, திரும்பி வந்ததற்கு அடித்தான் என்று நினைக்கும். அடுத்த தடவை வராது. ஒரு தடவை கெட்டுப்போன 'வா'வைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். சில நாய்களுக்கு அந்தச் சொல்லையே விட்டுவிட்டு வேறு சொல் பழக்க வேண்டிவரும்.

கெட்ட குமாரன் கதையில் தகப்பன் எதற்காக ஓடினார் என்று இதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது. மகன் வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு சுடுசொல்கூட விழக்கூடாது. கேள்வி, கணக்கு எதுவும் இல்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். "என்னிடத்தில் வாருங்கள்" என்று கூப்பிட்டவர் அந்தச் சொல்லை ஒருநாளும் கெடுத்துக்கொள்ளவில்லை. கெடுத்துவைத்தது நாம்தான். சபைக்கு வா என்று அழைத்து, வந்தவனை வாசலிலேயே வைத்து விசாரிப்பது யார்?

(கடுகுவிதை, புண்ணை நக்கினால் ஆறும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாய் எச்சிலில் கிருமியைத் தடுக்கும் பொருள் கொஞ்சம் உண்டுதான், கிருமியோ அதைவிட நிறைய. கூம்பு இருக்கட்டும்.)

#11 மழைத்துளி

'வா' பற்றி எழுதினது என் வீட்டுக் கதை.

காலேபை நான் எடுத்தது இரண்டு வயதில். அதற்கு முன் அது பார்த்த வீட்டில் என்ன நடந்ததோ, துடைப்பத்தைக் கையில் எடுத்தால் சிறுநீர் கழித்துவிடும். நான் கை நீட்டினால் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். சோற்றைக்கூட நான் அறையை விட்டுப் போன பிறகுதான் தின்னும். முதலில் எனக்கு வருத்தம், பிறகு, வெட்கத்தோடு சொல்கிறேன், கோபம். இவ்வளவு செய்கிறேனே, நான் அடிக்கிறவளா?

பழக்கத் தெரிந்த ஒருவர் சொன்னார், எதிரே நிற்காதே, கண்ணைப் பார்க்காதே, தரையில் உட்கார், பக்கவாட்டில் திரும்பிக்கொள், அது வரட்டும் என்று. தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து ஏதாவது வாசிப்பேன். ஏழு வாரம். ஏழாவது வாரம் ஒரு ராத்திரி முதுகில் ஏதோ சூடாகப் பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அழுகை வந்தது, அசையாமல் அழுதேன்.

உயரத்தில் நின்று நான் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் அதற்கு நான் ஒரு பெரிய உருவம், அவ்வளவுதான். 'தம்மைத்தாமே வெறுமையாக்கி' என்று பிலிப்பியர் 2-இல் வாசிக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்தத் தரையின் குளிர்ச்சி ஞாபகம் வருகிறது. வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

#12 கேள்விக்குறி

நான் ஏன் இந்த இழையில் எதிர்த்துக்கொண்டே இருக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை இரண்டு வருடம் படுக்கையில் இருந்துவிட்டுப் போனாள். கடைசி மாதங்களில் பார்க்க வந்த ஒருவர், நல்ல மனிதர்தான், அவளிடம் இதே உதாரணத்தைச் சொன்னார். ஊசி போடும்போது நாய்க்குக் காரணம் புரியுமா? அதுபோல நமக்கும் புரியாது, எஜமானை நம்ப வேண்டும் என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு, 'அண்ணா, நாயை ஒரு டாக்டர் இவ்வளவு நாள் இப்படி வைத்திருப்பாரா?' என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

கடுகுவிதை, உங்கள் கூம்பு அனுபவம் உண்மை என்று நம்புகிறேன். மாட்டியவர் அதைச் சொல்லலாம். மாட்டிக்கொண்டு கிடக்கிறவரிடம் போய் இன்னொருவர் சொல்லும்போது அது என்ன ஆகிறது என்று மட்டும் யோசித்துவிட்டு மேடை ஏறுங்கள்.

#13 கடுகுவிதை

அண்ணா, இரண்டு நாளாக இதற்கு எழுதி எழுதி அழித்தேன்.

நீங்கள் சொன்னது சரி. அந்தக் கூட்டத்தில் யார் என்ன மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. எனக்கு நல்ல உதாரணம் ஒன்று கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

உங்கள் தங்கையின் கேள்விக்கு என்னிடமும் பதில் கிடையாது. யோவான் 13:7-ஐ எழுதலாம் என்று எடுத்தேன், "நான் செய்கிறது இன்னதென்று இப்பொழுது நீ அறியாய், இனிமேல் அறிவாய்." எழுதுமுன் மேலே கீழே வாசித்தேன். அதைச் சொல்லும்போது அவர் பேதுருவின் காலடியில் இருக்கிறார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பாத்திரத்தோடு. 'உனக்குப் புரியாது' என்பதை அவர் அங்கேயிருந்து சொல்கிறார். படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்வதும் அதுவும் ஒன்றில்லை.

ஜிம்மி விஷயத்திலும் விட்டுப்போன ஒரு பகுதி இருக்கிறது. மூன்றாவது ராத்திரி அதன் முனகல் தாங்காமல் நானும் பாயை எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் படுத்துவிட்டேன். கூம்பு விளிம்பு என் தாடையில் இடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் தூங்கவில்லை. ஆனால் முனகல் நின்றது. காரணத்தை அதற்கு நான் சொல்லவே இல்லை.

#14 பழைய ஏடு

கடுகுவிதை தம்பி, இந்தக் கடைசிப் பத்தி போதும். மற்றதை வெட்டிவிடுங்கள்.

கேள்விக்குறி தம்பிக்கு: உங்கள் தங்கை கேட்டதற்குப் பக்கத்தில் யோபுவின் கேள்விகள் இருக்கின்றன. அவனுக்கு உதாரணம் சொன்ன சிநேகிதர் மூன்று பேரையும் கர்த்தர் கடிந்துகொண்டார், கேள்வி கேட்டவனையே நிதானமாய்ப் பேசினான் என்றார். அந்தச் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது.

#15 கேள்விக்குறி

நன்றி ஐயா. தரை என்பது இந்த இழையில் மூன்றாவது தடவையாக வருகிறது, கவனித்தீர்களா?

#16 வெண்புறா

புதியவள். நேற்று எங்கள் பிரௌனி போய்விட்டது. பதினான்கு வயது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, வலியில் வைத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் ஊசி போடச் சம்மதித்தேன். கையெழுத்துப் போட்டது நான். கடைசிவரை என் கையை நக்கிக்கொண்டிருந்தது. நான் கொலை செய்துவிட்டேனா? நாய்களுக்குப் பரலோகம் உண்டா? சபையில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

#17 நான்குகால்

சகோதரி, நான் அந்த மேசைக்குப் பக்கத்தில் பல தடவை நின்றிருக்கிறேன். பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவார்கள், பார்க்கத் தாங்காது, அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அப்போது நாய் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் பிரௌனி கதவைப் பார்க்கவில்லை. நீங்கள் அங்கே இருந்தீர்கள். முதலில் மயக்கம், அப்புறம்தான் மற்றது. வலி தெரிந்திருக்காது.

கொலை இல்லை. நீதிமொழிகள் 12:10, "நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்." வலியிலிருந்து காப்பாற்றுவதும் அதில் அடங்கும் என்று நான் நம்புகிறேன்.

#18 பழைய ஏடு

சிரித்தவர்களை விடுங்கள் அம்மா. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ரோமர் 8-ஐ வைத்து இதே கேள்விக்கு ஒரு முழுப் பிரசங்கம் எழுதினார், சிருஷ்டி முழுவதும் விடுதலையாகும் என்றால் மிருகங்களும்தான் என்று. எல்லாரும் அதை ஏற்கவில்லை. ஆனால் சிரிக்கிற கேள்வி இல்லை.

ஆதியாகமம் 9-ஐ இன்றைக்கு ராத்திரி ஒரு தடவை வாசியுங்கள். வானவில்லின் உடன்படிக்கை நோவாவோடு மட்டும் செய்யப்பட்டதில்லை. பேழையிலிருந்து வெளியே வந்த சகல ஜீவஜந்துக்களோடும் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. சங்கீதம் 36:6-உம் மனுஷரையும் மிருகங்களையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறது. பிரௌனியைப் படைத்தவர் அதை மறந்துவிடுவார் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

#19 மழைத்துளி

வெண்புறா அக்கா, தனிமடல் போட்டிருக்கிறேன். பேசலாம்.

#20 நெறியாளர்

தோபித்து நூல் வேதாகமத்தில் சேருமா சேராதா என்று இங்கே ஆரம்பித்த ஆறு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே சண்டை போடுங்கள். இங்கே நாய் மட்டும்.

#21 மெழுகுவத்தி

நாய் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன் :)

#22 கடுகுவிதை

நேற்று கூட்டம் முடிந்தது. பத்து நிமிடம் கொடுத்தார்கள், ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஒன்பது பாடம், லூத்தர், காலேப் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் (காலேபை விடத்தான் மனசு வரவில்லை, மன்னிக்கவும் ஐயா). கூம்பு, அது என் முழங்காலில் தேய்த்தது, என்னால் சொல்ல முடியாமல் போனது, மூன்றாம் ராத்திரி பாய். 'அதுபோல' என்ற வார்த்தையைப் போடவில்லை. கேள்விக்குறி அண்ணாவை நினைத்துக்கொண்டே பேசினேன்.

முடிந்ததும் பெரிதாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் நாய்க்கு என்ன இனம் என்று கேட்டார். எல்லாரும் போன பிறகு ஒரு வயதான அம்மா மெதுவாக வந்தார்கள். அவர்கள் வீட்டு நிலைமை சபையில் எல்லாருக்கும் தெரியும், நான் எழுதக்கூடாது. 'தம்பி, அதுக்கு எத்தனை நாள் மாட்டியிருந்தது?' என்று கேட்டார்கள். பன்னிரண்டு நாள் அம்மா என்றேன்.

'எனக்கு இது நாலாவது வருஷம்' என்றார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பலகையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜிம்மிக்குப் போன வாரம் தையல் பிரித்தாயிற்று. கூம்பைக் கழற்றிக் கீழே வைத்தேன். சுற்றிச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு அதன்மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டது.

#23 கேள்விக்குறி

அந்த அம்மாவை அடுத்த வாரமும் போய்ப் பாருங்கள்.

#24 நான்குகால்

கூம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். ஏழு வயதுதானே, இன்னொரு தடவை தேவைப்படும்.